மொட்டை மாடியின் கணக்கு

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடும் 1,000 யூனிட் செலவழிக்கும் வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும். இரண்டு மாடியிலும் விழுவது ஒரே வெயில். முதல் வீட்டில் 1 கிலோவாட் சோலார் போட்டால், போட்ட காசு திரும்பி வர ஏறக்குறைய 30 ஆண்டு ஆகும். பேனலின் ஆயுளே அவ்வளவுதான். இரண்டாவது வீட்டில் 3 கிலோவாட் போட்டால் நான்கு ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும். வீடுகளுக்கும் தொழில்களுக்கும் சூரிய மின்சாரம் எவ்வளவு தூரம் வரும், யாருக்கு வரும், எத்தனை காலம் கட்டுப்படியாகும் என்ற கேள்விகளில் பாதிக்கு இந்த இரண்டு வீடுகளிலேயே விடை இருக்கிறது.

2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறதே தவிர, படிக்கட்டு அதேதான். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இது 2016 முதல் நடப்பு. மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கினால் அடுத்த நூறுக்கு யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, அதற்கு மேல் 6. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 501-இலிருந்து 8, 9, 10 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய். இந்தக் கணக்கில் 200 யூனிட் வீட்டுக்கு பில் 225 ரூபாய். 1,000 யூனிட் வீட்டுக்கு 6,550 ரூபாய்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. வேறு சில்லறைக் கட்டணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1,000 யூனிட் வீட்டில் முதல் கிலோவாட் பில்லை 6,550-இலிருந்து 4,190-க்கு இறக்கும். இரண்டாவது கிலோவாட் 2,110-க்கு. மூன்றாவது 585-க்கு. நான்காவதைப் போட்டால் மிச்சமாவது அந்த 585 ரூபாய் மட்டுமே. முதல் கிலோவாட் 2,360 ரூபாய் சம்பாதித்துத் தந்த இடத்தில் நான்காவது அதில் கால்வாசிதான் தருகிறது. பேனல் அதே பேனல், வெயிலும் அதே வெயில். அது பில்லிலிருந்து கழிக்கும் யூனிட்டின் விலைதான் வேறு.

மத்திய அரசின் மானியமும் இதே போக்கில்தான் ஓடுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். இருந்தும், "சார், இடம் இருக்குல்ல, அஞ்சு கிலோவாட்டா போட்டுருங்க, பில்லே வராது" என்று சொல்லாத ஏஜெண்ட் அரிது. பில் வராமல் இருப்பதும் லாபமும் ஒன்றல்ல. கடைசி இரண்டு மூன்று ரீடிங்கை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிலோவாட்டும் எந்தப் படியை அறுக்கிறது என்று எழுதிப் பார்த்தால், பெரும்பாலான நடுத்தர வீட்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் தேவைப்படாது.

இதே கணக்கை மின்வாரியத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறு காட்சி. 225 ரூபாய் கட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மின்சாரத்தின் அடக்கவிலை அந்த 225 ரூபாயில் எழவே எழாது. அந்தப் பள்ளத்தை ஓரளவு அரசு மானியமும் ஓரளவு மேல்படியில் இருக்கும் வீடுகள், கடைகள், ஆலைகள் கட்டும் பணமும் சேர்ந்தே நிரப்புகின்றன. சோலார் முதலில் யாருக்குக் கட்டுப்படியாகிறதோ அவர்களேதான் வாரியத்தின் நல்ல வாடிக்கையாளர்கள். அவர்கள் ஒவ்வொருவராக மேல்படியிலிருந்து இறங்கும்போது கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் சம்பளம் எதுவும் குறைவதில்லை. ஈபி ஆபீசில் சோலார் விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் வரவேற்பில் உற்சாகம் குறைவாக இருந்தால், அதற்கு அலுவலர்களின் சோம்பல் மட்டும் காரணமல்ல.

கொள்கை அளவில் தமிழ்நாடு பின்தங்கியதே இல்லை. 2011-இல் முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டம், ஏழைகளுக்குக் கட்டித்தந்த 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகளை வைத்தது. 2012-இல் வந்த சூரியசக்திக் கொள்கை, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது, அது நடக்கவில்லை. 2019 கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட் என்றது, அதில் 40 விழுக்காடு நுகர்வோரின் கூரைகளிலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னது. மாநிலத்தின் மொத்தச் சூரிய மின் திறன் இப்போது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அதில் பெரும்பங்கு கமுதி, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துப் பொட்டல்களில் தரையில் விரித்தது. கூரைகள் பின்தங்கியே நிற்கின்றன.

கமுதியை இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 2016-இல் அங்கே எழுந்த 648 மெகாவாட் நிலையம் அப்போது உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று; ஏறக்குறைய 2,500 ஏக்கர். அதிலிருந்து வரும் மின்சாரத்துக்கு வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். அடுத்த ஆண்டே ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2.44 ரூபாய்க்கு இறங்கியது. 2020 இறுதியில் குஜராத்தில் 1.99. வெயில் மின்சாரத்தின் விலை வீழ்ச்சியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் இதில் அடக்கம்: நீண்டகால ஒப்பந்தத்தில் அவசரப்பட்டவர்தான் இந்தத் துறையில் அதிகம் கொடுத்திருக்கிறார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல், வெயிலில் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது; இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20-ஐத் தாண்டுகிறது. அங்கிருந்து இங்குவரை விலை இறங்கிக்கொண்டே வந்த பாதை இது. பேனல் விலையைப் பற்றிய கவலை தீர்ந்துபோன விவகாரம் என்றே நான் நினைக்கிறேன்.

தொழில்களுக்கு வருவோம். வீட்டுக்கு இல்லாத ஒரு வசதி பட்டறைக்கு உண்டு: வெயில் அடிக்கும் நேரத்தில்தான் மெஷின் ஓடுகிறது. கோயம்புத்தூரில் லேத் பட்டறை, திருப்பூரில் பனியன் கம்பெனி, சிவகாசியில் அச்சகம் எல்லாம் பகல் வேலை. கூரையில் உண்டாவதைக் கீழே அப்போதைக்கப்போதே தின்றுவிடலாம். வீட்டிலோ காலை எட்டரைக்குப் பூட்டிவிட்டுப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் ஆள். உச்சி வெயிலின் மின்சாரம் பூட்டிய வீட்டிலிருந்து கம்பிக்குப் போகிறது.

இவ்வளவு பொருத்தமிருந்தும் சிறு தொழில்கள் தயங்கியதற்குக் காரணம் கட்டண விதிகள்தான். வீட்டுக்கு நெட் மீட்டரிங் உண்டு. கொடுத்த யூனிட்டையும் எடுத்த யூனிட்டையும் ஒன்றுக்கு ஒன்றாகக் கழித்துக்கொள்ளலாம். தொழிலுக்கு அப்படியில்லை. மிஞ்சியதை வாரியம் எடுத்துக்கொண்டு தரும் விலை, வாரியத்திடம் வாங்கும் விலையில் பாதிகூட இராது. போதாததற்கு, கூரையில் உண்டாகும் மின்சாரத்துக்கே நெட்வொர்க் கட்டணம் என்று யூனிட்டுக்கு 1.53 ரூபாய் வந்தது. "எங்க கூரை, எங்க பேனல், எங்க மெஷினு, இதுக்கு எதுக்கு உங்களுக்கு வாடகை?" என்று குறுந்தொழில் சங்கங்கள் 2023-இல் போராடின, அரசு அதைப் பாதியாகக் குறைத்தது.

சங்கங்களின் கேள்வி நியாயமானதாகவே படுகிறது, பாதி அளவுக்கு. கம்பிக்குப் போகாமல் உள்ளேயே செலவாகும் யூனிட்டுக்கு வாடகை கேட்பது பொருந்தாது. ஆனால் மேகம் மூடிய மறு நொடி அதே மெஷினை நிற்காமல் ஓட்டுவது வாரியத்தின் கம்பிதான். அந்தக் காவல் வேலைக்கு ஒரு கூலி உண்டு. அதை யூனிட் கணக்கில் வாங்காமல், இணைப்பின் அளவை வைத்து நிலைக் கட்டணமாக வாங்குவதே நேர்மையான முறை. யூனிட் கணக்கில் வாங்கினால், அதிக வெயில் பிடித்தவருக்கு அதிகத் தண்டனை என்றாகிறது.

கூரையே போதாத பெரிய ஆலைகளின் வழி வேறு. இருபத்தாறு விழுக்காடு பங்கு, ஐம்பத்தொரு விழுக்காடு நுகர்வு என்ற 2005 விதியின்கீழ் பல ஆலைகள் கூடி ஒரு சூரிய நிலையத்தைச் சொந்தமாக்கிக்கொள்கின்றன. காற்றாலைக் காலத்திலேயே நூற்பாலைக்காரர்கள் பழகிய வித்தை இது. 2022-இல் வந்த பசுமைத் திறந்த அணுகல் விதி, 100 கிலோவாட் இணைப்பு வைத்திருப்பவர்வரை இந்தக் கதவைத் திறந்துவிட்டது. நடுத்தரத் தொழில்களின் எதிர்காலம் சொந்தக் கூரையைவிட இந்தக் கூட்டு நிலையங்களில்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

இனி மாடிக்கே ஏறிப் பார்க்கலாம். ஏட்டுக் கணக்கு தடுமாறும் இடம் அதுதான். 3 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 200 முதல் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் மாடியில் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாம் இருக்கும். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்றின்மேல் விழும் தொட்டி நிழல் அந்த ஒன்றோடு நிற்காது. வரிசையின் விளைச்சலையே இழுத்துப் பிடிக்கும். தெற்கே பார்த்து, நம் அட்சரேகைக்கு ஏற்பப் பத்துப் பன்னிரண்டு பாகை சாய்த்து வைப்பது வழக்கம். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைத் தண்ணீர் ஓரத்தில் தேங்கி அழுக்கு வரி கட்டும். போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறவர்கள் இரண்டே ஆண்டில் கண்ணாடிமேல் வெள்ளைப் படலத்தை வளர்த்துவிடுகிறார்கள். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. வடாம் காயப்போட இடம் வேண்டும் என்று ஏழெட்டு அடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் கீழே நல்ல நிழல் கிடைக்கும், ஆனால் காற்றுக்கு அது பாய்மரம். 2016-இல் வர்தாவையும் 2018-இல் கஜாவையும் பார்த்த மாவட்டங்களில் ஸ்டாண்டின் கனத்தில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏற்றவே கூடாது.

வாங்கியவர் பலரும் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். வெளியே கொளுத்தும் வெயில், மாடியில் இரண்டு லட்ச ரூபாய்ப் பேனல், வீட்டுக்குள் ஃபேன் ஓடாது. காரணம் எளிது: லைன் நின்ற நேரத்தில் உங்கள் இன்வெர்ட்டர் கம்பிக்கு மின்சாரம் அனுப்பினால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் போகும். அதனால் லைன் போனதை உணர்ந்த மறுகணமே அணைந்துவிடும்படிதான் கம்பியோடு இணையும் எல்லா இன்வெர்ட்டரையும் செய்கிறார்கள். 2008 முதல் 2013 வரை மின்வெட்டில் வெந்தவர்கள் சோலார் என்றதும் மனதில் வைத்திருந்தது கரண்ட் போகாத வீடு. அதற்கு பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், விலையும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

அடுத்த சிக்கல் தெருவில். ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் பத்து வீடு சோலார் போட்டால், ஆளில்லா மத்தியான நேரத்தில் எல்லாம் ஒன்றாகத் தள்ளும்போது அந்த லைனில் வோல்டேஜ் ஏறும். வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுகொள்ளும். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் இது முதலில் நடக்கும். நல்ல வெயில் நேரத்தில் ஏன் உற்பத்தி பூஜ்யம் என்று அவர் ஏஜெண்டைத் திட்டிக்கொண்டிருப்பார். பழுது அவர் மாடியில் இல்லை, தெருமுனையில்.

இதையே ஒரு நாட்டு அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் இலங்கை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று கம்பியில் மாட்டிக்கொள்ள, தீவு முழுவதும் மின்சாரம் போனது. உலகமே குரங்கைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் விடுமுறை நாள், தேவை குறைவு, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரத்தின் பங்கோ மிக அதிகம். அனல், நீர் நிலையங்களில் சுழலும் கனத்த டர்பைன்களுக்கு ஒரு குணம் உண்டு. எங்காவது அடி விழுந்தால் தம் சுழற்சி வேகத்தாலேயே அதைச் சில நொடிகள் தாங்கி, அதிர்வெண்ணைக் குப்புற விழாமல் பிடித்து நிறுத்தும். வழக்கமான சோலார் இன்வெர்ட்டருக்கு அந்தக் கனம் கிடையாது. டர்பைன்கள் குறைவாக ஓடிய அந்த முற்பகலில் ஒரு சிறு அடி முழு விழுகையாயிற்று. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் கூரை சோலாரை அணைத்து வைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. 2016-இல் "சூரிய பல சங்கிராமய" என்று முழங்கி ஊக்குவித்த அதே நாடு.

ஆஸ்திரேலியா இந்த வழியில் எல்லோருக்கும் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. 40 லட்சத்துக்கும் அதிகமான கூரைகளில் சோலார். மூன்று வீட்டுக்கு ஒன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2023-ஆம் ஆண்டின் கடைசி நாளில், கொஞ்ச நேரத்துக்கு, கூரைகள் மட்டுமே மாநிலத்தின் முழுத் தேவைக்கும் மேலாக உற்பத்தி செய்தன. 2020-இலிருந்தே அங்கே புதிதாகப் போடும் சோலாரை நெருக்கடியில் தொலைவிலிருந்து அணைக்கும் ஏற்பாடு கட்டாயம். கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில், கம்பிக்குத் தரும் யூனிட்டின் விலையை ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டியது. கேரளத்தில் நெட் மீட்டரிங் சலுகையைச் சுருக்கும் வரைவு விதிகளை 2025-இல் மின் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்டதும், ஏற்கெனவே போட்டவர்கள் கொதித்தெழுந்தார்கள். பகலில் வாங்க ஆளில்லை, இரவில் வெளிச்சந்தையில் கொள்ளை விலை என்பது அங்கே வாரியத்தின் வாதம்.

இவை எல்லாவற்றின் அடியிலும் இருப்பது ஒன்றே. நெட் மீட்டரிங் என்பது தை அறுவடையில் கொட்டிக்கிடக்கும் நெல்லை ஊர்க் களஞ்சியத்தில் அளந்துவிட்டு, தட்டுப்பாடான ஐப்பசியில் அதே மரக்கால் கணக்குக்குத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஊரில் நான்கு பேர் செய்தால் களஞ்சியம் தாங்கும். 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் முதல் விமான நிலையம் என்று பெயரெடுத்த கொச்சியும் இதைத்தான் செய்தது. 12 மெகாவாட் நிலையம் பகலில் கொடுத்ததை இரவில் கம்பியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. எல்லோரும் செய்யத் தொடங்கினால் அளவுக்கு அளவு என்ற முறை நிற்காது. தமிழ்நாட்டிலும் நிற்காது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடை நாளில் பகல் ஏசிக்கு வெயில் ஈடுகொடுக்கும், இரவு பத்தரைக்குப் படுக்கையறையில் போடும் ஏசிக்குக் கொடுக்காது. இன்று 3 கிலோவாட் போடுகிறவர் இப்போதைய சலுகை 25 ஆண்டும் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. நாலைந்து ஆண்டில் முதலை எடுத்துவிடும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

விதி மாறுவதைவிட அது எப்படி மாறுகிறது என்பது முக்கியம். கலிஃபோர்னியா விலையை வெட்டியபோதும், முன்பே இணைந்தவர்களுக்கு 20 ஆண்டுக்குப் பழைய கணக்கையே விட்டுவைத்தது. பாகிஸ்தான் இன்னொரு கோடி. கரண்ட் பில் தாங்காமல் 2024 ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17,000 மெகாவாட் அளவுக்குச் சீனப் பேனல்களை அந்த நாடு இறக்குமதி செய்தது. அரசு திட்டம் போட்டு நடத்தியதல்ல அது. மக்களாகப் பார்த்துச் செய்தது. கம்பியை விட்டு வசதியுள்ளவர்கள் விலக, மிச்சமிருந்தவர்கள் தலையில் பழைய அனல் நிலைய ஒப்பந்தங்களின் பாரம் ஏறியது. 2025 மார்ச்சில் கூரை மின்சாரத்தை வாங்கும் விலையை அந்நாட்டுப் பணத்தில் 27 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்க அங்கே முடிவெடுத்தபோது கிளம்பிய எதிர்ப்பை யாரும் எதிர்பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு மின்வாரியம் தன் நல்ல வாடிக்கையாளரைக் கோபப்படுத்தினால், அவர் பேட்டரி வாங்கிக்கொண்டு முழுதாகவே போய்விடுவார்.

அந்த பேட்டரியில்தான் அடுத்த பத்தாண்டின் கதை இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை விலை பேனல் போலவே சரிந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2025 ஜூலையில் வீட்டு பேட்டரிக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு தள்ளுபடி தந்து மக்களை அந்தப் பக்கம் திருப்பியது. நம் நாட்டில் 2023-இல் திருத்திய நுகர்வோர் விதிகள், வெயில் நேரத்தில் கட்டணம் 20 விழுக்காடு குறைவாகவும், உச்ச நேரத்தில் வீட்டுக்கு 10, தொழிலுக்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் வீடுகளில் இது நடப்புக்கு வரும். வந்த பிறகு கேள்வியே மாறிவிடும். எத்தனை யூனிட் கொடுத்தாய் என்பதோடு எந்த மணிக்குக் கொடுத்தாய் என்பதும் பில்லில் ஏறும். மாலை ஏழு மணிக்கு 5 யூனிட் தருபவர், மதியம் 15 யூனிட் தருபவரைவிட மதிப்புள்ளவராவார். பேட்டரி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் தள்ளுவது. வீட்டில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு அது காசில்லாத பேட்டரி.

மாடியே இல்லாதவர்களைப் பற்றித்தான் திட்டங்கள் குறைவாகப் பேசுகின்றன. சென்னை அடுக்ககத்தில் 20 ஃபிளாட்டுக்கு ஒரு மாடி. அதில் ஒவ்வொருவருக்கும் பிரிக்க முடியாத பங்கு. ஒருவர் போட வேண்டுமென்றால் பத்தொன்பது பேர் கையெழுத்து வேண்டும், அதில் மூன்று பேர் அமெரிக்காவில் இருப்பார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது லிஃப்ட், மோட்டார், வராண்டா விளக்குக்கு, குடியிருப்போர் சங்கம் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. சங்கம் உருப்படியாக நடக்கும் இடங்களில் இது சாத்தியம். வேறெங்கோ இருக்கும் பேனலின் யூனிட்டைத் தன் பில்லில் கழித்துக்கொள்ளும் மெய்நிகர் நெட் மீட்டரிங்குக்கு டெல்லி 2019-லேயே வழி செய்துவிட்டது. வாடகைக்கு இருப்பவருக்கும் பொருந்தும் முறை அதுதான். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் மாட்டி, சாதாரண பிளக்கில் சொருகும் 800 வாட் பேனல்கள் லட்சக்கணக்கில் தொங்குகின்றன; வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போய்விடலாம். நம் வீட்டு வயரிங்கும் எர்த்திங்கும் இருக்கும் லட்சணத்தில் அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பேனல் உற்பத்தியைப் பற்றிச் சுருக்கமாக: பேனல் செய்யும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவின் கையில். வீட்டு மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டு செல்லில் செய்த பேனலே போட வேண்டும் என்ற விதி, விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் ஆலைகளைக் கொண்டுவந்திருக்கிறது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் அப்படியொன்றைப் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 விழுக்காடாக இறங்கியதும் ஒரு சிறு உதவி. பழைய பேனல்களை 2022 மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவந்தாயிற்று. கழிவு மலையாகக் குவிவது இன்னும் பதினைந்து ஆண்டு தள்ளித்தான்.

மீண்டும் அந்த 200 யூனிட் வீட்டுக்கு வருவோம். சொந்தக் காசில் அவர் சோலார் போடமாட்டார். போடச் சொல்வதும் சரியல்ல. ஆனால் அவருடைய இலவச 100 யூனிட்டுக்கும் சலுகை 100 யூனிட்டுக்கும் அரசு ஆண்டாண்டாக வாரியத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அவர் கூரையில் வாரியமே ஒரு கிலோவாட் வைத்தால் 240 யூனிட் உண்டாகும். அவருக்குக் கொடுப்பது போக மீதி வாரியத்துக்கு. மானியமாகக் கரைந்துகொண்டிருந்த பணம் சில ஆண்டில் சொத்தாக நிற்கும். மத்திய திட்டத்திலேயே மின்வாரியம் முன்நின்று கூரைகளைத் திரட்டிப் போடும் முறைக்கு இடமிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாக அமைத்துத்தர ஆந்திரம் முன்வந்திருக்கிறது. பகல் மின்சாரம் ஏற்கெனவே மிஞ்சத் தொடங்கும் நேரத்தில் இதுவும் பகலில்தானே கொட்டும் என்ற ஆட்சேபம் சரியானது. அதனால்தான் இதைத் தெருமுனை பேட்டரியோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்கிறேன்: டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பேட்டரி, அதன்கீழ் இருக்கும் சிறு வீடுகளின் கூரையெல்லாம் மதியத்தில் அதை நிரப்பும், மாலை ஆறு மணிக்கு அதே தெருவுக்குத் திறந்துவிடலாம். லைன் கடைசி வீட்டின் வோல்டேஜ் சிக்கலும் அதிலேயே அடங்கும்.

இதற்கு முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. எந்த டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் எத்தனை கிலோவாட் சோலார் இணைந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற பட்டியலை ஒவ்வொரு பிரிவு அலுவலகமும் வாசலில் ஒட்டி மாதாமாதம் திருத்த வேண்டும். விண்ணப்பம் போடுபவர் அதைப் பார்த்துவிட்டே போடுவார். ஏஜெண்ட் அதைக் காட்டித்தான் பேச வேண்டியிருக்கும். முதல் தெருமுனை பேட்டரி எந்தத் தெருவுக்கு என்பதையும் அந்தப் பட்டியலைப் பார்த்தே வாரியம் முடிவு செய்யலாம்.